எரேமியா 32: முற்றுகைக்குள் ஒரு நிலக் கிரயம்

#1 பழஞ்சுவடி

அன்பர்களுக்கு வணக்கம். திருவிருந்து ஆராதனையில் எரேமியா 31-ஆம் அதிகாரத்தைக் கேட்டே வளர்ந்தவன் நான். புதிய உடன்படிக்கை வரும், கட்டளைகள் இருதயத்திலேயே எழுதப்படும், செய்த பாவத்தைக் கடவுள் இனி நினைக்கவே மாட்டார் என்று சொல்லும் பகுதி அது. அதை அடுத்து வரும் 32-ஆம் அதிகாரத்தை மேடையில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. அதில் இருப்பது ஒரு நிலக் கிரயம். பத்திரம் எழுதுவதே என் தொழில் என்பதால் அந்த அதிகாரத்தின் மேல் எனக்குத் தனி ஈடுபாடு.

சூழ்நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். யூதாவின் கடைசி அரசன் சிதேக்கியாவுக்கு அது பத்தாம் ஆட்சியாண்டு, அதாவது கி.மு. 587 வாக்கில். நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியாவை அரண்மனைக் காவல் முற்றத்தில் அடைத்திருக்கிறார்கள். அங்கே அவருடைய சித்தப்பா மகன் அனாமெயேல் வருகிறான். "ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை நீர் வாங்கிக்கொள்ளும். மீட்கும் உரிமை உமக்குத்தான்" என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே நாலைந்து கிலோமீட்டர்தான். இடையில் பாபிலோன் படை. அதிலும் இந்த ஆனதோத்துக்காரர்கள் ஒரு காலத்தில் எரேமியாவைக் கொல்லவே திட்டமிட்டவர்கள் (அதிகாரம் 11). சிறையில் இருப்பவர், எதிரி கையில் இருக்கும் நிலத்தை, தன்னைக் கொல்லப் பார்த்த ஊரில் வாங்க வேண்டும்.

வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளி, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 கிராம். தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதிக் கையெழுத்து, சாட்சிகளின் கையெழுத்து, முத்திரை. முத்திரையிட்ட மூலம் ஒன்று, திறந்து வைத்த பிரதி ஒன்று. இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, "மண்பாத்திரத்தில் வை, நெடுநாள் இருக்க வேண்டும்" என்கிறார். அதற்குப் பிறகுதான் அந்த வாக்கு: இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத் தோட்டங்களும் வாங்கப்படும்.

என் வாதம் இதுதான். மீட்பு என்பது தீர்க்கதரிசிகளுக்கு வானத்திலிருந்து வந்த கருத்து அல்ல. லேவியராகமம் 25-ல் இருக்கும் சட்டம் அது. ஒருவன் வறுமையில் நிலத்தை விற்றால் அவனுடைய நெருங்கிய உறவினன் வந்து மீட்க வேண்டும். தன்னையே விற்றுக்கொண்டாலும் அண்ணனோ தம்பியோ சித்தப்பனோ பணம் கட்டி மீட்க வேண்டும். ரூத்தின் கதையில் போவாஸ் ஊர்வாசலில் உட்கார்ந்து செய்வதும் இதே வேலைதான். ஏசாயா கடவுளை "இஸ்ரவேலின் மீட்பர்" என்று திரும்பத் திரும்பச் சொல்லும்போது, கேட்டவர்களின் மனதில் வந்தது இந்த உறவினன். கடனில் மூழ்கியவனுக்காக ஊர்வாசலுக்கு வந்து நிற்கிறவன். கிறிஸ்தவர்களாகிய நாம் 31-ஐ எடுத்துக்கொண்டு 32-ஐ விட்டுவிட்டோம். இருதயம் புதிதாவதும் நிலம் கைக்குத் திரும்புவதும் ஒரே ஆறுதலின் இரு பக்கங்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 மாடவிளக்கு

பழஞ்சுவடி ஐயா, அருமையான தொடக்கம். ஆனால் நீங்கள் சொல்லும் "இரு பக்கங்கள்" சம எடை உள்ளவை என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஞாயிறு பள்ளியில் எரேமியாவை வரிசையாக நடத்தியிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

31-ல் "இருதயத்தில் எழுதுவேன்" என்ற வாக்கு திடீரென்று வரவில்லை. 17-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். யூதாவின் பாவம் இரும்பு எழுத்தாணியாலும் வைர நுனியாலும் எழுதப்பட்டிருக்கிறது, அது அவர்கள் இருதயப் பலகையில் பதிந்திருக்கிறது என்கிறார். அதே பலகை, அதே எழுதும் வேலை. ஏற்கெனவே பாவம் எழுதப்பட்ட இடத்தில்தான் கடவுள் தம் கட்டளையை எழுதப் போகிறார். அப்படியென்றால் எரேமியாவின் பார்வையில் நோய் எங்கே இருக்கிறது? பாபிலோனிலா? இல்லை. நிலம் போனது விளைவு, வேர் உள்ளே.

எபிரெயருக்கு எழுதிய நிருபம் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. 8-ஆம் அதிகாரத்தில் எரேமியா 31-ன் அந்த வாக்குத்தத்தத்தை முழுவதுமாக எடுத்து எழுதுகிறார். புதிய ஏற்பாட்டில் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்த மேற்கோள்களிலேயே நீளமானது அதுதான். அந்த ஆசிரியர் 32-க்குப் போகவில்லை, 9-ல் இரத்தத்துக்கும் மனசாட்சிக்கும் போகிறார். 1 பேதுருவும் அப்படியே: வெள்ளியாலும் பொன்னாலும் நீங்கள் மீட்கப்படவில்லை என்கிறார். 17 சேக்கல் வெள்ளிக்கு அடங்காத மீட்பு இது, ஐயா.

#3 பழஞ்சுவடி

இரும்பு எழுத்தாணி வசனத்தைக் கொண்டுவந்ததற்கு நன்றி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வெள்ளி இல்லாத மீட்பு என்பது பேதுரு புதிதாகச் சொன்னதல்ல. ஏசாயா 52-லேயே இருக்கிறது: விலையின்றி விற்கப்பட்டீர்கள், பணமின்றி மீட்கப்படுவீர்கள். அந்த வரியை முதலில் கேட்டவர்கள் யார்? பாபிலோனில் நாடு இழந்து கிடந்தவர்கள். பணமின்றி அவர்கள் பெறப்போவது நாடு திரும்பும் வழியைத்தான்.

#4 கற்றது_கையளவு

இரண்டு பேருக்கும் வணக்கம். நான் நாணயம், தொல்லியல் பக்கம் ஆர்வம் உள்ளவன். இறையியலில் தலையிட மாட்டேன், பொருள்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பத்திரம். மூலத்தை முத்திரையிட்டு, பிரதியைத் திறந்து வைக்கும் வழக்கம் யூதேயாவில் பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1961-ல் யிகேல் யாடின் சாக்கடலுக்கு மேற்கே நகல் கெவேர் குகையில் பாபத்தா என்ற பெண்ணின் ஆவணக் கட்டைக் கண்டெடுத்தார். கி.பி. 94 முதல் 132 வரையான ஆவணங்கள். அவற்றில் பல, ஒரே வாசகத்தை ஒரே தாளில் இரண்டு முறை எழுதியவை. மேல் பாதியைச் சுருட்டி நூலால் கட்டியிருப்பார்கள், கட்டுக்குப் பின்பக்கம் சாட்சிகள் கையெழுத்து. கீழ்ப் பாதி வாசிக்கத் திறந்திருக்கும். தகராறு வந்தால் கட்டைப் பிரித்து ஒப்பிடலாம். ஊர் அழிந்தாலும் பத்திரம் பிழைக்க வேண்டும் என்று அந்த அம்மாள் அதைத் தோல் பையில் வைத்துக் குகைக்கு எடுத்துப் போயிருக்கிறார். எரேமியாவின் மண்பாத்திரம் செய்த வேலையும் இதே.

எரேமியா காலத்திலிருந்தும் ஒன்று. 1982-ல் யிகேல் ஷீலோ தாவீதின் நகரம் அகழாய்வில் ஒரே வீட்டில் 51 களிமண் முத்திரைகளை எடுத்தார். நகரம் எரிந்தபோது பாப்பிரஸ் ஆவணங்கள் சாம்பலாகின. அவற்றைக் கட்டிய நூல் மேல் ஒட்டியிருந்த களிமண் மட்டும் அந்த நெருப்பிலேயே சுட்டுக் கெட்டியாகிவிட்டது. பின்பக்கம் நூலின் தடம் தெரியும். ஒரு முத்திரையில் "சாப்பானின் மகன் கெமரியா" என்ற பெயர். எரேமியா 36-ல் பாருக்கு சுருளை எடுத்துப்போய் வாசிக்கும் அறை இதே பெயருள்ளவனுடையது.

இப்போது விவாதத்துக்கு வருகிறேன். இயேசு வாழ்ந்த நூற்றாண்டில் "மீட்பு" என்றால் மக்கள் எதை நினைத்தார்கள்? ரோமுக்கு எதிரான முதல் கலகத்தின் நான்காம் ஆண்டில், அதாவது கி.பி. 69-70-ல், எருசலேமில் அடித்த வெண்கல நாணயங்களில் "சீயோனின் மீட்புக்காக" என்று பொறித்திருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டு நாணயங்களில் "சீயோனின் விடுதலை". முற்றுகை இறுக இறுக, வாசகம் விடுதலையிலிருந்து மீட்புக்கு மாறுகிறது. பிறகு 132-ல் ரோமுக்கு எதிரான பார் கோக்பா கலகத்தில் "இஸ்ரவேலின் மீட்பின் முதலாம் ஆண்டு" என்று அடித்தார்கள். லூக்காவின் முதல் பக்கங்களில் அன்னாள் பேசுவது எருசலேமின் மீட்புக்குக் காத்திருந்தவர்களிடம். கடைசி அதிகாரத்தில், இயேசு இறந்தபின் எம்மாவு என்ற ஊருக்கு நடந்த சீடர் இருவரும் "அவரே இஸ்ரவேலை மீட்பார் என்று நம்பியிருந்தோம்" என்று வருந்துகிறார்கள். அந்த நாணயத்தைக் கையில் வைத்திருந்தவனுக்கு அந்த வாக்கியம் உடனே புரிந்திருக்கும்.

#5 மாடவிளக்கு

கையளவு அண்ணா, அந்த நாணயச் செய்தி எனக்குப் புதிது, மிக்க நன்றி. ஆனால் எம்மாவுக் கதை அங்கே முடியவில்லையே. கூட நடந்தவர், அதாவது உயிர்த்தெழுந்த இயேசு, மோசே தொடங்கித் தீர்க்கதரிசிகள் எல்லாரையும் விளக்கி, மேசியா பாடுபட்டே மகிமைக்குள் போக வேண்டும் என்கிறார். அவர்களுடைய எதிர்பார்ப்பு திருத்தப்படுகிறது. ஏசாயா 53-ஐ மனதில் வைக்காமல் அந்த உரையாடலை யோசிக்க முடியுமா?

#6 நெய்தல்

53-ஆம் அதிகாரம் வந்துவிட்டதால் நானும் உள்ளே வருகிறேன். கத்தோலிக்கன், எங்கள் பக்கம் "இறைவாக்கினர்" என்போம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதில் வரும் துன்புறும் ஊழியன் யார் என்ற கேள்விக்கு, இயேசு என்ற நம் பதில் தெளிவு, நான் அதை விசுவாசிக்கிறேன். ஆனால் அதே நூலில் 41, 44, 49-ஆம் அதிகாரங்களில் ஊழியன் என்று கடவுள் அழைப்பது இஸ்ரயேலையே. யூதர்கள் அந்த நூலை அந்த நூலைக் கொண்டே படிக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் இதைப் பதிவு செய்கிறார்: தான் விவாதித்த யூத அறிஞர்கள், அந்தப் பகுதி சிதறடிக்கப்பட்ட முழு மக்களைப் பற்றியது என்றார்களாம். பதினோராம் நூற்றாண்டில் யூத உரையாசிரியர் ராஷி அந்த வாசிப்பை உறுதியாக முன்வைத்தார். ராஷி வாழ்ந்த காலத்தில்தான், 1096-ல், சிலுவைப் போருக்குக் கிளம்பிய கூட்டங்கள் ரைன் நதிக்கரை ஊர்களில் யூதர்களைக் கொன்று குவித்தன. அடிக்கப்பட்ட ஆடு என்று தன் மக்களை அவர் வாசித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அடித்தவர்கள் கையில் சிலுவை இருந்தது என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

1263-ல் பார்சிலோனாவில் அரசன் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் யூத அறிஞர் நக்மனிதேஸை விவாதத்துக்கு இழுத்தார்கள். மேசியா வந்துவிட்டாரா என்பதே கேள்வி. நக்மனிதேஸின் வலுவான வாதம் ஏசாயாவின் இரண்டாம் அதிகாரம்: வாள்கள் கலப்பைக் கொழுக்களாக அடிக்கப்படும், ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு எதிராகப் போர் செய்யப் பழகாது. உலகம் அப்படி மாறிவிட்டதா என்று கேட்டார். அதற்காக அவர் பட்ட பாடு சிறிதல்ல. முதுமையில் ஸ்பெயினை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. புதுப்பித்தல் தொடங்கிவிட்டது, முடியவில்லை என்பதே நம் பதில். முடியாத பகுதியை மறைத்துக்கொண்டு யூதர்களைக் குருடர்கள் என்று சொன்ன பிரசங்கங்களுக்கு வெகுநீண்ட வரலாறு உண்டு. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட "நோஸ்த்ரா ஏத்தாத்தே" அறிக்கைதான் எங்கள் பக்கம் அதைத் திருத்தத் தொடங்கியது. கடவுள் அவர்களைக் கைவிட்டதாகவோ சபித்ததாகவோ காட்டக் கூடாது என்று அது சொல்கிறது. உரோமையர் 11-ல் பவுல் அதை முன்பே எழுதிவிட்டார்.

#7 குறிஞ்சிப்பூ

நான் இதுவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சின்னக் கேள்வி. தீர்க்கதரிசனம் என்றால் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்வதுதானே? இவர் சொன்னார், இவருக்கு அது நிறைவேறியது, அவ்வளவுதான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நீங்கள் பேசுவதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே?

#8 பழஞ்சுவடி

நல்ல கேள்வி. எரேமியா புத்தகமே இதற்குப் பதில் சொல்கிறது, 26-ஆம் அதிகாரத்தை எடுங்கள். ஆலயம் அழியும் என்று சொன்னதற்காக எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று கூட்டம் கத்துகிறது. அப்போது ஊர்ப் பெரியவர்கள் எழுந்து, நூறு ஆண்டுக்கு முன் மீகா இதே மாதிரி "சீயோன் வயலைப் போல உழப்படும்" என்று சொன்னதை நினைவுபடுத்துகிறார்கள். எசேக்கியா ராஜா மீகாவைக் கொன்றாரா? இல்லையே, பயந்து கடவுளிடம் மன்றாடினார், தீங்கு விலகிற்று என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: மீகா சொன்னது அன்று நடக்கவில்லை, ஆனால் அவரைப் பொய்த் தீர்க்கதரிசி என்று யாரும் சொல்லவில்லை. வாக்கு தன் வேலையைச் செய்துவிட்டது என்றே அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

மாறாக 28-ல் அனனியா "இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும்" என்று தேதி குறித்துச் சொல்கிறான். கேட்க இனிமையாக இருந்தது, கூட்டத்துக்கும் பிடித்தது. புத்தகம் அவனைப் பொய்யன் என்கிறது. முன்னறிவிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜாதகக் கட்டம் போலப் பொருத்திப் பார்த்து முடித்துவிடும் விஷயம் அல்ல. கேட்பவன் என்ன செய்யப்போகிறான் என்பதும் அந்த வாக்குக்குள் இருக்கிறது.

#9 கற்றது_கையளவு

குறிஞ்சிப்பூவின் கேள்விக்கு இன்னொரு கோணம். பாபிலோனிலிருந்து திரும்புவதைப் பற்றி ஏசாயா 40 முதல் 55 வரை சொல்வதெல்லாம் பிரமாண்டம். பாலைவனத்தில் ராஜபாதை, மலைகள் தாழும், தண்ணீர் ஊற்றெடுக்கும். பாரசீக அரசன் கோரேசுவையே கடவுள் அபிஷேகம் பண்ணியவர் என்று அழைக்கிறது 45. கி.மு. 539-ல் கோரேசு பாபிலோனைப் பிடித்ததும் உண்மை, மக்கள் திரும்பியதும் உண்மை. ஆனால் பலர் திரும்பவே இல்லை. பாபிலோனியாவில் "அல்-யகூது", அதாவது யூதாபுரம் என்றே ஒரு ஊர் இருந்தது. கி.மு. 572 தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கான அதன் களிமண் பலகைகள் இருக்கின்றன. யூதர்கள் நிலம் குத்தகைக்கு எடுத்து, வரி கட்டி, கடன் கொடுத்து வாங்கி வாழ்ந்திருக்கிறார்கள்.

திரும்பியவர்கள் நிலை? நெகேமியா 5 வாசியுங்கள். பஞ்சம், ராஜாவின் வரி. வயலையும் தோட்டத்தையும் அடகு வைத்து, கடைசியில் பிள்ளைகளை அடிமையாக விற்கிறார்கள், வாங்கியது அவர்களுடைய சொந்த இனத்தாரே. "புறஜாதியாரிடம் விற்கப்பட்ட நம் சகோதரரை நாங்கள் மீட்டோம், நீங்கள் மறுபடியும் விற்பீர்களோ" என்று நெகேமியா கொதிக்கிறார். நிலம் கிடைத்தும் மீட்பு முழுமையாகவில்லை. இந்த இடத்தில் மாடவிளக்கு அம்மா சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

#10 பாலாறு

எசேக்கியேலை யாரும் தொடவில்லையே? அவர்தான் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். 36-ஆம் அதிகாரம்: உங்கள் தேசத்துக்குக் கூட்டி வருவேன், சுத்தமான தண்ணீர் தெளிப்பேன், கல்லான இருதயத்தை எடுத்து சதையான இருதயம் கொடுப்பேன், தேசத்தில் குடியிருப்பீர்கள், தானியம் பெருகும். நிலம், இருதயம், மறுபடியும் நிலம். நடுவில் இருப்பதை மட்டும் பிடுங்கி எடுத்தால் ஞானஸ்நானப் பாடம் கிடைக்கும், எசேக்கியேல் கிடைக்க மாட்டார்.

37-ல் உலர்ந்த எலும்புகள். அது தனி மனிதரின் உயிர்த்தெழுதல் பற்றியதாகத் தொடங்கவில்லை. "இவை இஸ்ரவேல் வம்சம் அனைத்துமே" என்று அந்த அதிகாரமே விளக்குகிறது. எங்கள் எலும்புகள் உலர்ந்துபோயின, நம்பிக்கை அற்றுப்போயிற்று என்று சொன்ன மக்களுக்கான பதில். அதை எங்கெல்லாம் பற்றிக்கொண்டார்கள் என்று பாருங்கள். மசாதாக் கோட்டையில் ரோமரை எதிர்த்து நின்றவர்களின் தொழுகைக் கூடத்தில், தரைக்கடியில் புதைத்து வைத்திருந்த எசேக்கியேல் சுருளின் துண்டுகள் கிடைத்தன, இந்த அதிகாரமும் அதில் உண்டு. சிரியாவில் தூரா எவ்ரோப்போஸ் யூதத் தொழுகைக் கூடத்தின் சுவரில், கி.பி. 244-ஐ ஒட்டி, இந்தப் பள்ளத்தாக்கு நீளமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. வானத்திலிருந்து கைகள் நீள்கின்றன, கீழே துண்டு துண்டாகக் கிடக்கும் உடல்கள், பக்கத்தில் எழுந்து நிற்கும் மனிதர்கள். இப்போது அந்தச் சுவர் ஓவியங்கள் தமாஸ்கு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கிறிஸ்தவப் பக்கமும் ஆத்துமாவோடு நின்றுவிடவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. ரோமர் 8-ல் பவுல் காத்திருப்பது சரீரத்தின் மீட்புக்கு, சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனையில் முனகுகிறது என்கிறார். வெளிப்படுத்தல் 21-ல் மனிதர்கள் மேலே போகவில்லை, நகரம் கீழே இறங்கி வருகிறது. "புதிய வானம் புதிய பூமி" என்ற சொல்லே ஏசாயா 65-லிருந்து வந்தது. அங்கே புதிய பூமியின் அடையாளம் என்ன? வீடு கட்டியவன் அதில் குடியிருப்பான், தோட்டம் போட்டவன் கனி தின்பான். ஒருவன் கட்ட இன்னொருவன் குடியேறுவது இருக்காது. வெளிப்படுத்தலின் பொன் வீதியை நினைவில் வைக்கிறோம், இதை மறந்துவிடுகிறோம். எனக்கு அதில் மனவருத்தம் உண்டு.

#11 செம்மண்

பாலாறு சொன்னதோடு சேர்த்து ஒன்று. கிறிஸ்தவத் தலித்துகளுக்கு இந்த விவாதம் புதிதல்ல. சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அரவிந்த் நிர்மல், 1980-களில் தலித் இறையியலைக் கட்டியெழுப்பியபோது ஏசாயாவின் துன்புறும் ஊழியனையும் உபாகமம் 26-ல் வரும் விசுவாச அறிக்கையையும் மையத்தில் வைத்தார். "என் தகப்பன் அலைந்து திரிந்தவன்" என்று தொடங்கி, எகிப்தில் ஒடுக்கப்பட்டதைச் சொல்லி, நிலத்தின் முதற்பலனோடு முடியும் அறிக்கை அது. கல்லறையில்கூடத் தனிச்சுவர் எழுப்பும் ஊர்களில், ஆத்துமா மட்டும் மீட்கப்பட்டது என்று சொல்வது யாருக்கு வசதி? மாடவிளக்கு அக்காவைக் குறை சொல்லவில்லை. இருதயம் புதிதானால் முதலில் அந்தச் சுவர் விழ வேண்டும் என்கிறேன்.

#12 மாடவிளக்கு

செம்மண் தம்பி, அதில் நமக்குள் வேறுபாடே இல்லை. அந்தச் சுவரைக் கட்டியவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்கள் இருதயத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் என் கேள்வி. நான் முதலில் இருதயம் என்று சொல்வது சுவரைக் காப்பாற்ற அல்ல, அது மறுபடி மறுபடி எழும்புவதைப் பார்த்ததால்.

#13 பழஞ்சுவடி

இந்த இடத்தில் 34-ஆம் அதிகாரத்தையும் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அதே முற்றுகை, அதே சிதேக்கியா. எல்லாரும் தங்கள் எபிரெய அடிமைகளை விடுதலை செய்வதாக ஆலயத்தில் உடன்படிக்கை செய்கிறார்கள். கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, துண்டுகளின் நடுவே நடந்து சத்தியம் செய்கிறார்கள். அடிமைகள் விடுதலையாகிறார்கள். அப்புறம் பார்வோனின் படை வருகிறது என்ற செய்தியில் பாபிலோன் படை கொஞ்சம் விலகுகிறது (அதிகாரம் 37). ஆபத்து போய்விட்டது என்று நினைத்தவுடன் விடுவித்தவர்களையே திரும்பப் பிடித்து அடிமையாக்குகிறார்கள். அந்த இடைவெளியில்தான் எரேமியா தன் பங்கைப் பெற பென்யமீன் நாட்டுக்குப் புறப்பட்டு, எதிரியிடம் ஓடுகிறான் என்று பிடிபட்டு அடி வாங்குகிறார்.

மாடவிளக்கு அம்மா கேட்பதற்கு இதைவிட வலுவான சாட்சி புத்தகத்தில் இல்லை. கன்றுக்குட்டியின் நடுவே நடந்து செய்த உடன்படிக்கை, படை விலகிய உடனேயே உடைந்தது. ஆகவே உள்ளே எழுதப்பட்ட உடன்படிக்கை தேவை. ஆனால் உடன்படிக்கை உடைந்ததை எரேமியா எதை வைத்துக் கண்டுபிடித்தார்? அடிமைகள் திரும்பப் பிடிக்கப்பட்டதை வைத்து. பலி குறைந்தது, ஜெபம் குறைந்தது என்று அவர் சொல்லவில்லை. இருதயத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வாசிக்க அவருக்குத் தெரிந்த இடம் அதுதான்: அந்த ஆணும் பெண்ணும் இன்னும் விடுதலையாக இருக்கிறார்களா?

அதனால் எங்கள் வேதபாடக் குழுவில் 31-ஐத் தனியாக எடுக்காமல் 34 வரை தொடர்ச்சியாக வாசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். நெய்தல், நீங்கள் எழுதிய பார்சிலோனா பகுதியையும் அங்கே வாசித்துக் காட்டலாமா? நக்மனிதேஸின் கேள்வியை அவர்களும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

#14 நெய்தல்

தாராளமாக வாசியுங்கள் ஐயா. ஏசாயா 2-ஐ முழுதாக வாசித்துவிட்டு, கடைசியில் அவர் கேள்வியைச் சொல்லுங்கள். பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள், குழுவினர் முதலில் பேசட்டும்.